மேகத்திலே கணக்கு, சாவி யார் கையிலே?

"கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் முதலாளி பாடு. அதனால் நமக்கென்ன வந்தது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

திருப்பூரில் நமக்குத் தெரிந்த ஒரு சிறு ஜாப் ஒர்க் பட்டறை. எட்டு பவர் டேபிள், பன்னிரண்டு பேருக்கு வேலை. அதன் முதலாளியும் நேற்றுவரை மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஏஜெண்டு வந்து சேர்ந்தார். "இனி நோட்டுப் புத்தகம் எதற்கு? எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் கவலையே இல்லை" என்றார். ஆர்டர், பில், கடிதம், யார் எத்தனை பீஸ் தைத்தார் என்ற கணக்கு யாவும் கிளவுடில் ஏறின. பட்டறையின் இணைய முகவரியை ஏஜெண்டு தம் பெயரிலேயே பதிந்து கொண்டார். தலைமைச் சாவியான அட்மின் கணக்கையும் தம்மிடமே வைத்துக் கொண்டார்.

ஆறு மாதம் சென்றது. பாக்கித் தொகையில் தகராறு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏஜெண்டு கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். பீஸ் கணக்கு எங்கே? மேகத்தில்! மூன்று வாரம் பன்னிரண்டு குடும்பங்களும் மளிகைக் கடையில் கடன் சொல்லி நின்றன. பிறகு கிடைத்ததும் குத்துமதிப்பாகப் போட்ட கூலிதான். "நமக்கென்ன வந்தது" என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

மேகம் எங்கே இருக்கிறது?

கிளவுடு என்றால் மேகம். ஆனால் அது வானத்தில் இல்லை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இரவு பகலாக மின்சாரம் குடித்து ஓடும் கம்ப்யூட்டர் கிடங்குகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஏதோ ஒரு கிடங்கில், பிறருடைய இயந்திரத்தில், நம் கணக்கு கிடக்கிறது. அதற்காக நாம் கொடுப்பது விலை அல்ல, வாடகை.

முன்பெல்லாம் ஆபீஸ் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அது வருஷக் கணக்கில் உழைத்தது. 2011-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி ஆபீஸ் 365 என்ற பெயரில் தலைக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கத் தொடங்கியது. கூகிள் செய்ததையும் கவனியுங்கள். 2006-ல் சிறு தொழில்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2012 டிசம்பரில் புதிதாக வருவோருக்கு இலவசக் கதவை மூடியது. 2022 ஜனவரியில், பழைய இலவசக்காரர்களும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. கூக்குரல் எழுந்த பிறகு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விலக்குத் தந்தது. தொழில் நடத்துவோருக்கு அதுவும் இல்லை. விதைநெல்லைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டுக் களத்துமேட்டில் வந்து நிற்கும் கதை கழனித் தோழர்களுக்குப் புதிதா?

"அந்நியக் கம்பெனி வேண்டாம், சென்னையில் ஜோஹோ இருக்கிறதே" என்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதிய மென்பொருள் ஓங்குவதில் நமக்கும் பெருமைதான். ஆனால் நிலச்சுவான்தார் உள்ளூர்க்காரர் என்பதற்காக எந்தக் குத்தகைதாரருக்காவது வாரம் குறைந்ததுண்டா? கம்பெனியின் ஊர் மாறலாம். சாவி யாரிடம் என்ற கேள்வி மாறாது.

"பெரிய கம்பெனி, பயமில்லை" என்பது உண்மையா?

குஜராத்தில் வாடினாரில் நயாரா எனர்ஜி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி டன் திறன் கொண்ட ராட்சத ஆலை அது. அதில் ரஷ்யக் கம்பெனிக்குப் பங்கு உண்டென்பதால் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அந்த ஆலையின் மின்னஞ்சலையும் பிற சேவைகளையும் நிறுத்தியது. பணம் கட்டிய இந்திய ஆலை, தன் சொந்தக் கடிதங்களுக்காக டில்லி ஹைகோர்ட் படியேறியது! சில நாளில் சேவை திரும்பியது. ஆலைக்கு வக்கீல்கள் இருந்தார்கள். எட்டு பவர் டேபிள்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்பது சர்வகலாசாலை ஊழியர்களின் ஓய்வுகால நிதி. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகிள் கிளவுடில் இருந்த அதன் தனிக் கிளவுடு, கூகிள் தரப்பில் நேர்ந்த தவறால் அழிந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் உறுப்பினர்கள் தம் பணத்தின் கணக்கைக் காண முடியவில்லை. மீட்க உதவியது எது? வேறொரு கம்பெனியிடம் வைத்திருந்த நகல்!

என்ன செய்ய வேண்டும்?

இயந்திரத்தை உடைப்பது நம் வேலையல்ல. நோட்டைக் கரையான் தின்றதையும் வெள்ளம் கொண்டுபோனதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து பார்த்து எழுதுவதில் வசதி உண்டு. வசதியை எடுத்துக்கொள்வோம். சாவியை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

சிறு பட்டறைக்காரரும் கூட்டுறவுச் சங்கமும் இவற்றைச் செய்யட்டும். முதலாவது, இணைய முகவரி தொழிலின் பெயரில் பதிவாக வேண்டும். அட்மின் சாவி நம்பிக்கையான இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு வேலை முடியும் வரை மட்டுமே அனுமதி. இரண்டாவது, கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டுப் போட வேண்டும். மீட்பு எண்களைக் காகிதத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மூன்றாவது, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் சொந்த ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2010-ல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளுக்குக் காசும் இல்லை, சந்தாவும் இல்லை. நகலைத் திறக்க அது போதும்.

நான்காவதுதான் தொழிலாளிக்கு உயிரானது. சனிக்கிழமைதோறும் பீஸ் கணக்கும் ஹாஜர் கணக்கும் காகிதத்தில் நம் கைக்கு வர வேண்டும். சிறு பட்டறையானாலும் பெரிய மில்லானாலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சர்க்காருக்கும் வேலை இருக்கிறது. வாரத்தை ஒழுங்காக அளக்கும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது என்று 1955-ல் இங்கே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது சும்மா வரவில்லை, விவசாயிகள் போராடி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கிளவுடு வாடிக்கையாளர் தம் தகவல்களை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறும் உரிமையைத் தரும் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்துகிறது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? முன்னறிவிப்பின்றிக் கதவைச் சாத்தாதே, எங்கள் கணக்கை எங்களிடம் கொடு என்று சொல்லும் சட்டம் நம் நாட்டுச் சிறு தொழில்களுக்கும் வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார்கள். தைத்த பீஸை அன்றன்றே எழுதுகிறார்கள். சனிக்கிழமை மேகத்துக் கணக்கும் நோட்டுக் கணக்கும் ஒத்துப்போன பிறகே கூலியை எண்ணி வாங்குகிறார்கள். நீங்களும் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள், தோழர்களே!