நம்பருக்கும் லைசென்ஸ் ராஜ்

"அதான் வாட்ஸ்அப் இருக்கே, சின்ன ஆபீஸுக்கு எதுக்குப்பா தனி போன் சிஸ்டம்?" என்று கேட்கும் அறிவுஜீவிகளுக்காக இந்தப் பதிவு.

ராயபுரம், பாரிமுனை பக்கம் இருக்கிற சின்ன கிளியரிங் ஆபீஸ்களைப் பாருங்க. மொத்தமே ஐந்தாறு பேர். ஒருத்தர் கஸ்டம்ஸ் ஹவுஸில், ஒருத்தர் ஹார்பர் கேட்டில், இன்னொருத்தர் மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில். பார்ட்டிகள் பேசுவதெல்லாம் அந்தந்தப் பையனோட சொந்த செல் நம்பருக்கு. பையன் வேலையை விட்டால் பார்ட்டியும் பின்னாடியே போயாச்சு. பி.காமில் 'குட்வில்' என்று படிக்கிறோமே, அது சிம் கார்டோடு நடந்து போகுது சாமி!

இதற்கு மருந்து உண்டு. ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருள், 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதியது. இலவசம். ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் போட்டால் எக்ஸ்டென்ஷன், கால் டிரான்ஸ்ஃபர், யார் யாரிடம் பேசினார் என்ற பதிவேடு எல்லாம் ரெடி. செல்போனில் ஒரு ஆப் போட்டால் அதுவே எக்ஸ்டென்ஷன். பாஸ்வேர்டு மட்டும் 1234 என்று வைக்காதீங்க. திருடன் உங்க செலவில் வெளிநாடு பேசிடுவான்.

சரி, பார்ட்டியோட சாதாரண போனுக்கு எப்படிப் பேசுவது? சட்டம் குறுக்கே நிற்பது இங்கேதான். உரிமம் வைத்திருக்கும் டெலிகாம் கம்பெனியிடம் இணைப்பும் நம்பரும் வாங்கியே ஆகணும். வேறு வழி கிடையாது.

இந்தக் கதை பழசு. 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி கொடுத்தார்கள். எப்படித் தெரியுமா? ராயபுரத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் உள்ள போனுக்குப் பேசலாம், எண்ணூரில் உள்ள போனுக்குப் பேசக்கூடாது! 2008-ல் டிராய், இணையச் சேவை கம்பெனிகளுக்கும் இதைத் திறந்துவிடச் சொன்னது. கேட்கவில்லை. 2018-ல்தான் கதவு திறந்தது, அதுவும் முழு டெலிபோன் உரிமம் உள்ள பெரிய கைகளுக்கு மட்டும். எஸ்டிடி வருமானத்துக்குப் போட்ட பூட்டு, எஸ்டிடி கட்டணமே செத்த பிறகும் தொங்குகிறது.

"தேசப் பாதுகாப்பு" என்பார்கள். நியாயமான கவலைதான். வெளிநாட்டு காலை இன்டர்நெட்டில் கொண்டுவந்து உள்ளூர் சிம்மில் இறக்கும் 'சிம் பாக்ஸ்' கும்பல் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அவன் உரிமத்துக்கா காத்திருந்தான்? பர்மா பஜாரை நினைச்சுப் பாருங்க. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்தவரை அங்கே 'ஃபாரின் சாமானு'க்கு என்ன மவுசு! 1991-க்கு அப்புறம் கடைத்தெருவே திறந்தது, மவுசும் போச்சு. நேர்வழியை இறுக்கினால் குறுக்குவழிக்குத்தான் லாபம் என்பது காமர்ஸ் மாணவனுக்கு முதல் வருஷப் பாடம்.

அடையாளச் சான்று கேளுங்க, கால் பதிவேடு கேளுங்க, தப்பு செய்தால் உள்ளே போடுங்க. ஆனால் நம்பர் கொடுக்கும் உரிமையைச் சின்ன இணையச் சேவை கம்பெனிகளுக்கும் கொடுங்க. போட்டி வந்தால் விலை இறங்கும். ஆபீஸ் நம்பர் ஆபீஸிலேயே இருக்கும்.

இல்லை, பெரிய கம்பெனிகள் மட்டும் போதும் என்பவர்கள் காரணத்தோடு வாங்க. பேசலாம்.