முதலாண்டுக் கமிஷன் குறையட்டும்
ஓராண்டு பிரீமியம் கட்டி ஆயுள் பாலிசியைக் கைவிடுவோருக்கும் சரண்டர் தொகை உண்டு என்ற 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதியையொட்டி, முகவர்களின் முதலாண்டுக் கமிஷனைக் குறைத்துப் புதுப்பிப்புக் கமிஷனை உயர்த்துவது சரியே. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு முதலாண்டில் 35 சதவீதம், அதாவது 7,000 ரூபாய். நான்காம் ஆண்டு முதல் 5 சதவீதமாக 1,000 ரூபாய் என்பதே 2024 வரை எல்ஐசி முகவர்களின் நெடுநாள் கணக்காக இருந்தது. புதிய ஆளைத் தேடி ஓடவைக்கும் இத்தகைய கணக்கில், தவணை தவறியவரின் வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கு நேரமிருக்கும்? பாலிசி காலாவதியானபின் கணவரை இழக்கும் பெண்ணுக்கு முழுக் காப்பீட்டுத் தொகை கிடைக்காது. முகவருக்கு முதுமையிலும், அவர் மறைந்தால் வாரிசுக்கும் கைகொடுப்பது புதுப்பிப்புக் கமிஷன்தான். எனவே முதலாண்டில் குறைப்பதை முழுமையாகப் பின்னாண்டுகளில் சேர்த்துத் தர வேண்டும்; ஏற்கெனவே விற்ற பாலிசிகளின் கமிஷனில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை விதியாக்க வேண்டும்.