பாஸ் பிடிக்கப் போறீங்களா? பெட்டியை அப்புறம் கட்டலாம்

"பாஸ் பிடிக்கப் போறேன்"னு சொன்னா, "ஏன், உன் மேனேஜர் ஓடிட்டாரா?"ன்னு கேக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க. அது இல்லீங்க. இது லார்ஜ்மவுத் பாஸ். அமெரிக்க ஏரிகள்ல கிடைக்கிற, வாய் பெருத்த நன்னீர் மீன். ருசிக்காகப் பிடிக்கிறவங்களை விட, பிடிச்சு போட்டோ எடுத்து திரும்ப விடறவங்கதான் ஜாஸ்தி.

டாலஸ் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க பிப்ரவரி வந்தா லேக் ஃபோர்க் போகத் திட்டம் போடுவாங்க. காருல ஒண்ணரை மணி நேரம். சுமார் 27,000 ஏக்கர் ஏரி. 1992 ஜனவரியில 18.18 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கு மேல, ஒரு பாஸ் அங்கே மாட்டுச்சு. டெக்சஸ் சாதனை இன்னிக்கும் அதுதான். திட்டம்னு சொன்னேனே, உண்மையில அது வெறும் ஷாப்பிங். கடைக்குப் போய் ஆளுக்கு ஆறு ராடு, நாப்பது கலர்ல ரப்பர் புழு, பெயர் தெரியாத இருபது வகை பொய் இரை. ஞாயித்துக்கிழமை அதுல முக்கால்வாசி பாக்கெட் கூட பிரிக்காம வீடு திரும்பும்.

என் கட்சி இது: பாஸ் பயணத்துல மீனைத் தீர்மானிக்கிறது தேதியும் தண்ணியோட சூடும்தான். பெட்டிக்கு அதுல பங்கு ரொம்பக் கம்மி.

தண்ணி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது பாஸ் கரையோரம் முட்டையிட வரும். லேக் ஃபோர்க்ல பெரும்பாலும் அது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும். அதுக்கு முன்னாடி பெரிய பெண் மீன்கள் ஆழத்துக்கும் ஓரத்துக்கும் நடுவுல, ஓடைவாய்கள்ல காத்துக்கிட்டு நிக்கும். அந்த ரெண்டு மூணு வாரத்தைப் பிடிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா வடக்கேயிருந்து குளிர்காத்து ஒண்ணு அடிச்சுதுன்னா, மறுநாள் வானம் பளிச்னு நீலமா இருக்கும், மீன் மட்டும் வாயைத் திறக்காது. அதனால லீவு போடறதுக்கு முன்னாடி பத்து நாள் வானிலையைப் பாருங்க. முடிஞ்சா ரெண்டு வாரக்கடைசியைக் கையில வச்சுக்கிட்டு, முன்னாடி புதன்கிழமை எதுன்னு முடிவு பண்ணுங்க. கேன்சல் பண்ண முடியாத ரூமை ஜனவரியிலயே புக் பண்றவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு.

உலக சாதனை பாஸை 1932ல ஜார்ஜியாவுல பிடிச்சவர் ஜார்ஜ் பெர்ரி. 22 பவுண்டு 4 அவுன்ஸ். அவருக்கும் கூட வந்தவருக்கும் சேர்த்தே ஒரு ராடு, ஒரு பொய் இரைதான் இருந்துச்சுன்னு காலங்காலமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2009ல ஜப்பான்ல பிவா ஏரியில ஒருத்தர் அந்தச் சாதனையைச் சமன் பண்ற வரைக்கும் 77 வருஷம் அது அப்படியே நின்னுச்சு.

அதனால ஆளுக்கு ரெண்டு ராடு போதும். ஒண்ணுல ரப்பர் புழு. முள் முனையைப் புழுவுக்குள்ளேயே மறைச்சு, முன்னாடி சின்னதா ஒரு ஈயக்குண்டு. இதுக்குப் பேரே டெக்சஸ் ரிக். ஏரி ரொம்பும்போது அங்கே இருந்த மரங்கள்ல நிறையவற்றை வெட்டாம விட்டுட்டாங்க. மொட்டை மரமா தண்ணிக்குள்ள நிக்குது. முள்ளை வெளியே விட்டா மீன் மாட்டாது, மரம்தான் மாட்டும். இன்னொண்ணுல ஓட்டி இழுக்கறதுக்கு சிவப்புக் கலர் கிராங்க்பெய்ட். மெல்லிசு தங்கூசி எல்லாம் இங்கே வேலைக்காகாது, 15லிருந்து 20 பவுண்டு தாங்கறதா எடுங்க. அப்புறம் கொறடு, அளவுப்பலகை. அளவுப்பலகை ஏன்னா, இந்த ஏரியில 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவுல இருக்கற பாஸை வச்சுக்கக் கூடாது, உடனே விட்டுடணும். 17 வயசானவங்களுக்கு மீன்பிடி உரிமமும் வேணும். ஒரு நாள் உரிமம்கூட உண்டு. கொசு மருந்து தடவின கையோட ரப்பர் புழுவைத் தொடாதீங்க. டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கெடுத்துடும்.

மீதி இருக்கற காசையும் இடத்தையும் எதுக்குச் செலவு பண்ணணும்? லைஃப் ஜாக்கெட்டுக்கு. சும்மா சீட்டுக்கு அடியில போட்டு வைக்கற ஆரஞ்சு மூட்டையைச் சொல்லலை. நாள் பூரா போட்டுக்கிட்டே தூண்டில் வீசறதுக்குத் தோதா, உடம்புக்குச் சரியான அளவுல ஒண்ணு. பிப்ரவரித் தண்ணி 50 டிகிரிச் சொச்சம் இருக்கும். விழுந்ததும் முதல் ஒரு நிமிஷம் மூச்சு தன்னால இழுக்கும், நம்ம பேச்சைக் கேக்காது. அடுத்த பத்து நிமிஷத்துல கை கால் சொன்னபடி அசையறது நின்னுடும். காலேஜ்ல நீச்சல்ல மெடல் வாங்கினவரா இருந்தாலும் இதேதான். அமெரிக்கப் படகு விபத்துகள்ல மூழ்கிச் சாகறவங்கள்ல அஞ்சுல நாலு பேருக்கு மேல லைஃப் ஜாக்கெட் போடாதவங்கன்னு கோஸ்ட் கார்டு கணக்கு வருஷா வருஷம் சொல்லுது. டெக்சஸ்ல சின்னப் படகுகள்ல 13 வயசுக்குக் கீழே இருக்கற குழந்தைங்களுக்கு அதைப் போடறது கட்டாயம். பெரியவங்களுக்குக் கட்டாயம் இல்லைங்கறதை நம்ம ஆளுங்க "தேவையில்லை"ன்னு படிக்கறாங்க.

எஞ்சினை நிறுத்தற கயிறும் அப்படித்தான். ஓட்டறவர் இடுப்புலயோ ஜாக்கெட்லயோ மாட்டிக்கற சுருள் கயிறு. அவர் தூக்கி எறியப்பட்டா எஞ்சின் நின்னுடும். அது இல்லைன்னா ஆளில்லாத படகு வட்டமடிச்சு விழுந்தவர் மேலயே திரும்ப வரும். 2019ல டெக்சஸ்லயும், 2021 ஏப்ரல்ல நாடு முழுக்கவும் சட்டமே வந்தாச்சு. தண்ணிக்குள்ள மொட்டை மரம் நிக்கற ஏரியில, விடியக்காலை பனிமூட்டத்துல, வேகமா போற படகுல இந்தக் கயிறு மாட்டாம உக்காந்திருக்கறவர் கூட நான் ஏற மாட்டேன். அவர் எவ்வளவு பெரிய மீன்காரரா இருந்தாலும் சரி. படகு வாடகைக்கு எடுக்கும்போது முதல்ல அந்தக் கயிறு எங்கேன்னு கேளுங்க. திருதிருன்னு முழிச்சா வேற இடம் பாருங்க.

அப்புறம் சாப்பாடு. புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் ஐஸ்பெட்டிக்குள்ள போகட்டும், தப்பே இல்லை. வாழைப்பழம் மட்டும் வேணாம். படகுல வாழைப்பழம் இருந்தா மீன் மாட்டாதுங்கறது அந்த ஊர்க்காரங்க ஐதீகம், கைடு பார்த்தா நிஜமாவே முறைப்பார். நம்ம ஊர்ல தாம்பூலத்துல வைக்கற பழம், அங்கே அபசகுனம் :-)

கிளம்பறப்போ படகுல, மீன் தொட்டியில இருக்கற தண்ணியை முழுக்க வடிச்சுடுங்க. ஜீப்ரா சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குத் தொத்திக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு டெக்சஸ்ல அதுவும் சட்டம்.