கேட்டபின் அனுப்புவோம்!

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், கணிதத் துறை)

எங்கள் ஊருக்கு வளையல் விற்க வருபவர் வாசலில் நின்றுதான் குரல் கொடுப்பார். வீட்டார் அழைத்தால் திண்ணையில் பெட்டியை இறக்குவார். "இன்னைக்கு வேண்டாங்க" என்றால் முகம் சுளிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார். பள்ளிக்கூடம் போகாத அந்த வணிகரிடம் இருந்த நாகரிகம், கணிப்பொறியும் மின்னஞ்சலும் கைவரப்பெற்ற இன்றைய வணிகத்திடம் இருக்கிறதா? இக்கேள்வியை நான் ஏட்டிலிருந்து எடுத்துக் கேட்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில் நானே செய்த தவறிலிருந்து கேட்கிறேன்.

விடுமுறை வேலை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புத்தகச் செலவுக்கு ஆகுமே என்று திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். "தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று சொல்லி முதலாளி ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். கனடா நாட்டுக் கடைக்காரர்களின் மின்னஞ்சல் முகவரிகள் மூவாயிரத்துக்கு மேல் அதில் இருந்தன. பழைய வாடிக்கையாளர் சிலருடைய முகவரிகளோடு, யாரிடமோ விலைக்கு வாங்கிய பட்டியலும் கலந்திருந்தது. குழந்தைகள் உடைக்கான விளம்பரத்தை அத்தனை பேருக்கும் இரண்டே நாளில் அனுப்பி முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் பதில் எழுதினார். "என் முகவரியை உங்களுக்குக் கொடுத்தது யார்? நான் எப்போது சம்மதித்தேன்? சான்று உண்டா?" என்று கேட்டிருந்தார். அவர் நாட்டுச் சட்டத்தையும் குறிப்பிட்டிருந்தார். முதலாளியிடம் காட்டினேன். "போன வருஷம் கண்காட்சியில நீங்களே கொடுத்தீங்கன்னு எழுதிடு தம்பி" என்றார். "நாளைக்கு எழுதறேனுங்க" என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலையும் வழக்கம்போல் என் தந்தை கைப்பேசியை நீட்டி, "இது என்ன வந்திருக்குன்னு பாரு" என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வருகின்ற ஒவ்வொரு செய்தியும் வங்கியிலிருந்தோ என் கல்லூரியிலிருந்தோ வந்ததாக இருக்கும் என்று அஞ்சுவார். நான் வரும்வரை அழிக்காமல் வைத்திருப்பார். அன்று வந்தவை மூன்றும் கடன் விளம்பரங்கள். என் தந்தையின் எண்ணும் எவரோ ஒருவரின் பென் டிரைவில் இருக்கிறது. அதை அனுப்புபவனும் என்னைப் போல் விடுமுறைக்கு வேலை செய்யும் மாணவனாக இருக்கலாம். அன்றிரவுதான் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

செலவு யாருக்கு?

ஸ்பாம் எனப்படும் வேண்டாத அஞ்சல் புதியதன்று. 1978 மே 3 அன்று, அமெரிக்காவில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுவே முதல் ஸ்பாம் என்று கருதப்படுகிறது.

துண்டறிக்கை அச்சிட்டால் காகிதத்துக்கும் மைக்கும் அனுப்புபவர் பணம் தர வேண்டும். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று ஒருமுறை யோசிப்பார். மின்னஞ்சலிலோ பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்தாயிரம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. திறந்து பார்த்து, ஏமாறாமல் தப்பி, அழிக்கின்ற உழைப்பு முழுவதும் பெறுபவர் தலையில் விழுகிறது. இந்த நியாயக்கேட்டைச் சீர்செய்யவே சட்டங்கள் தேவைப்பட்டன.

இரு நாடுகள், இரு வழிகள்

அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முன்சம்மதம் இல்லாமலே விளம்பரம் அனுப்ப அது இடங்கொடுக்கிறது. ஆனால் அனுப்புநர் பெயரிலும் தலைப்பிலும் பொய் கூடாது; அஞ்சல் முகவரி இருக்க வேண்டும்; "வேண்டாம்" என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும்.

கனடாவின் சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது வேறு வழியில் செல்கிறது. முதலில் சம்மதம், பிறகே அஞ்சல். சம்மதம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அனுப்பியவருடையதே. கனடாவிலுள்ள கணிப்பொறியில் அஞ்சல் திறக்கப்படுமானால், அது திருப்பூரிலிருந்து சென்றாலும் சட்டம் அதைத் தொடுகிறது. மீறலுக்கு நிறுவனம் செலுத்த நேரும் தண்டத்தின் உச்சவரம்பு 1 கோடி கனடிய டாலர்.

அமெரிக்க வழி, ஆள் உள்ளே நுழைந்தபின் "வெளியே போ" என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. கனடிய வழி வாசலிலேயே நிற்கச் சொல்கிறது. எங்கள் ஊர் வளையல்காரரின் வழியும் அதுவே. அதுவே சிறந்தது என்பது என் கருத்து.

ஆயத்தம் என்பது என்ன?

கடிதத்தின் அடியில் நாலு வரி சேர்த்துவிட்டால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வேலை தொடங்க வேண்டியது கடிதத்தில் அன்று; பட்டியலில். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எங்கிருந்து கிடைத்தது? எந்தத் தேதியில்? எதற்குச் சம்மதித்தார்?

வாய்விட்டுச் சொன்ன சம்மதம், அவர் திரும்பப் பெறும்வரை செல்லும். நாமே முன்கூட்டிக் குறியிட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது. சொல்லாமலே கொள்ளத்தக்க சம்மதமும் உண்டு. பொருள் வாங்கியவருக்கு, வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுகள்வரை எழுதலாம். விலை விசாரித்தவருக்கு 6 மாதங்கள்வரை எழுதலாம். காலம் முடிந்தால் உரிமையும் முடிகிறது. ஆகவே தேதி இல்லாத பட்டியல் பயனற்ற பட்டியல்.

கடிதத்தில் அனுப்புபவர் யார், அவரை எங்கே அணுகலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செலவில்லாமல் விலகிக்கொள்ளும் வழி, அனுப்பியபின் குறைந்தது 60 நாட்கள் வேலை செய்ய வேண்டும். விலகியவர் பெயரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும். இதற்கென அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், எல்லாரும் பொறுப்பு என்ற பெயரில் எவரும் செய்யமாட்டார்.

முதலாளியின் வாதம்

மறுநாள் இவற்றை முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எல்லாருக்கும் சம்மதம் கேட்டு ஒரு மெயில் போட்டுடலாமே" என்றார். அந்த வழியையும் சட்டம் அடைத்திருக்கிறது. சம்மதம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சலும் வணிக அஞ்சலே என்கிறது அது.

பிறகு அவர் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. "பெரிய கம்பெனிக்காரன் விமானம் ஏறிப் போய்ப் பையரைப் பார்க்கிறான். நான் எப்படித் தம்பி பார்க்கிறது?" அவருடைய கேள்வி நியாயமானது. சிறு வணிகருக்கு மின்னஞ்சல்தான் கப்பல். ஆனால் சட்டம் அவருக்கு முழுவதும் கதவடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் தம் முகவரியைத் தாமே பலரும் காண வெளியிட்டு, "விளம்பரம் அனுப்பாதீர்" என்றும் குறிக்காமல் இருந்தால், அவருடைய தொழிலுக்குப் பொருத்தமான செய்தியை எழுதலாம். குழந்தை உடை விற்பவருக்குக் குழந்தை உடையைப் பற்றி எழுதலாம். அதற்கு ஒவ்வொரு கடையாகத் தேடிப் பார்த்துக் குறித்து வைக்கும் உழைப்பு வேண்டும். விலைக்கு வாங்கிய பட்டியல் அந்த உழைப்பைத் தவிர்க்கும் குறுக்கு வழி.

குறுக்கு வழியின் விலையைக் காட்ட ஒரு சான்று போதும். பயிற்சி வகுப்புகளுக்கு விளம்பரம் அனுப்பிய கம்ப்யூ-ஃபைண்டர் என்ற கனடிய நிறுவனத்துக்கு 2015 மார்ச்சில் 11 லட்சம் டாலர் தண்டம் அறிவிக்கப்பட்டது. முகவரிகள் பலரும் காண வெளியிடப்பட்டவைதாம் என்று அது வாதாடியது. 2017இல் தண்டம் 2 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டதே தவிர, குற்றம் நீங்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தேன். மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் சான்றோடு நின்றவை 74. கடைக்காரருக்கு உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பெயரை நீக்கிவிட்டதாக முதலாளியின் ஒப்புதலோடு எழுதினேன். அவரிடமிருந்து பதிலும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. மிச்சப் பட்டியலை அழித்துவிடலாமா என்று கேட்டேன். முதலாளி பென் டிரைவை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் கடமை

நம் நாட்டில் வணிக அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் 2018ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை உண்டு. மின்னஞ்சல் விளம்பரத்துக்கென்றே தனிச்சட்டம் இல்லை. எனினும் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைப் பயன்படுத்தச் சம்மதத்தை முதன்மையான அடிப்படையாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கனடாக்காரருக்கு ஒரு நீதி, என் தந்தைக்கு ஒரு நீதி என்ற நிலை மாற வழி பிறந்திருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை சிறு அலுவலகங்களில் வேலைக்குப் போவோம். "உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று நம் கையிலும் ஒரு பட்டியல் தரப்படும். அப்போது, "இவர்கள் சம்மதித்தார்களா?" என்று ஒரு கேள்வி கேட்போம். கேட்பதால் வேலை போய்விடும் என்று நானும் பயந்தேன். போகவில்லை. போயிருந்தாலும், மாலையில் என் தந்தை கைப்பேசியை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடிந்திருக்கும்.