வீடு கட்டப் போறீங்களா? காண்ட்ராக்டர் சொல்லும் 'சதுர அடி ரேட்'டை மட்டும் நம்பாதீங்க!

"சதுர அடிக்கு எவ்வளவு?" வீடு கட்ட நினைப்பவர்கள் காண்ட்ராக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நாலு பேரிடம் விசாரித்து, யார் கம்மியா சொல்றாரோ அவருக்கே வேலையைக் கொடுத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடக்கம்? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல், எலிவேஷன் எல்லாம் பல நேரம் 'எக்ஸ்ட்ரா'வில் போய்விடும். போர்ட்டிகோ, பால்கனி, படிக்கட்டு ஹெட்ரூமுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா என்று பலரும் கேட்பதே இல்லை. சன்ஷேடையும் அளந்து பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். 100 ரூபாய் கம்மியா சொன்னவரே, கடைசியில் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவது இப்படித்தான்.

இதையெல்லாம் எழுதிக் கேட்கும்போது "நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமென்ட்?" என்று சிரித்தால், அதுதான் முதல் எச்சரிக்கை மணி. 'நல்ல கம்பெனி சிமென்ட்' என்று எழுதித் தந்தாலும் போதாது. சிமென்ட், கம்பி எந்த பிராண்ட், டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என எல்லாமே அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது அட்வான்ஸ். உண்மையில் பெரிய ஆபத்து இதுதான். 25 லட்சத்துக்குப் பேசிய வீடு என்று வைத்துக்கொள்வோம். லிண்டல் மட்டத்தில் நிற்கும்போதே 18 லட்சம் கொடுத்துவிட்டால், மீதி வேலையை முடிக்க அவருக்கு என்ன அவசரம்? ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார். பாதியில் நின்ற வேலையை எடுக்க இன்னொருவர் வந்தாலும் ரேட்டை ஏற்றித்தான் கேட்பார். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே பணம் கொடுங்கள். கடைசித் தவணை, சாவி கைக்கு வந்த பிறகு. "சிமென்ட் விலை ஏறப்போகுது, மொத்தமா வாங்கிடலாம்" என்று அவசரப்படுத்தினாலும் யோசியுங்கள். மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் சிமென்ட்டின் வலிமை குறையும்.

போனில் போட்டோ காட்டுபவரிடம், இப்போது வேலை நடக்கும் சைட்டைக் காட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். "ரெண்டு நாள் தண்ணி ஊத்தினா போதும்" என்று சொன்னால் உஷார். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள், பிபிசி சிமென்ட்டுக்கு 10 நாளாவது கியூரிங் வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 விதி. அப்படியே, இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த ஒரு வீட்டுக்காரரிடமும் பேசிப் பாருங்கள். காண்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாதபோது!

ஏமாந்துவிட்டால் எங்கே போவது? ரெரா இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது வீடு, மனை விற்கும் புரமோட்டர்களுக்கான சட்டம். சொந்த மனையில் கட்டித் தருபவர் மீதான புகாரை நுகர்வோர் ஆணையத்தில்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. பிரச்னை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அங்கே முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். அதனால் பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள், காண்ட்ராக்டரின் வாட்ஸ்அப் மெசேஜ்களை டெலிட் பண்ணாதீங்க.