விடுப்புப் படிவத்தில் இல்லாத கட்டம்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் தற்செயல் விடுப்புக் கோரி நிரப்பும் படிவத்தை நம்மில் பலரும் அறிவோம். பெயர், துறை, நாள், காரணம் ஆகியவற்றை அடுத்து ‘மாற்று ஏற்பாடு’ என்னும் தலைப்பில் சிறு அட்டவணை ஒன்று பெரும்பாலும் இருக்கும். எந்த மணி, எந்த வகுப்பு, செல்ல இசைந்தவர் யார், அவர்தம் கையொப்பம் என நான்கு கட்டங்கள் அதில் அமைந்திருக்கும். யார் செல்வார் என்னும் வினாவிற்குக் கட்டம் உண்டு. சென்று என்ன நடத்துவார் என்னும் வினாவிற்குக் கட்டம் இல்லை.

முன்கூட்டி அறிந்து எடுக்கும் விடுப்பில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. முதல் நாளே நண்பரிடம் நான்கு சொல் சொல்லிவிட்டுச் செல்லலாம். ஆனால் நோயும் இழவும் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வருவதில்லை. வைகறையில் தொலைபேசி ஒலிக்கிறது. துறைத்தலைவர் கால அட்டவணையைப் புரட்டி, அம்மணியில் ஓய்வாயிருப்பவரைத் தேடிப் பிடித்து அனுப்புகிறார். வகுப்பினுள் நுழைந்த அவர், ‘எதுவரை நடந்திருக்கிறது?’ என வினவுகிறார். அறுபது மாணாக்கர் அறுபது விடை பகர்கின்றனர். வருகைப் பதிவு முடிந்த பின்னரும் நாற்பது நிமிடம் எஞ்சி நிற்கிறது. ‘ஓசையின்றி ஏதேனும் படியுங்கள்’ என்னும் அறிவுரையோடு அந்நாற்பது நிமிடமும் கழிகிறது. ஏட்டில் மட்டும் வகுப்பு நடந்ததாகவே பதிவாகிறது. மாணாக்கன் வகுப்பிற்கு வராவிடில் 75 விழுக்காட்டுக் கணக்கில் அவனுக்குக் குறையும். அவன் வந்தும் பாடம் நடவாத மணிக்கு எவர் கணக்கிலும் குறைவதில்லை.

நாம் நன்கறிந்த தமிழ்த்துறை ஒன்றில் முன்னர் நிகழ்ந்ததைக் கூறினால் இதன் விளைவு விளங்கும். சீறாப்புராணத்தைத் தமக்கேயுரிய இனிமையுடன் நடத்தி வந்த முதுபேராசிரியர் ஒருவர் அங்கிருந்தார். பருவத்தின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை இரவில் நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றார். மூன்று வார காலம் அவரால் வர இயலவில்லை. அவ்விடைவெளியில் நால்வர் மாறி மாறி அவ்வகுப்பிற்குச் சென்றனர். நால்வரும் நல்லாசிரியரே. எனினும் எவ்விடத்தில் தொடங்குவதென அறியாமையால், பொதுவாகப் பேசத்தக்கது எனக் கருதி, உமறுப்புலவரின் வாழ்க்கை வரலாற்றையே அவர்களுள் மூவர் நடத்தினர். 1642-இல் அவர் பிறந்ததும், வள்ளல் சீதக்காதி அவரை ஆதரித்ததும் அம்மாணாக்கர்க்கு மும்முறை மொழியப்பெற்றன. பாடமாக வைக்கப்பெற்றிருந்த ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ ஒருமுறையேனும் நடத்தப்பெறவில்லை. தேர்வில் வினா வந்ததென்னவோ மானைப் பற்றித்தான். பலர் அதற்கும் புலவரின் வாழ்க்கை வரலாற்றையே விடையாக எழுதி வைத்தனர். இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும் அவ்விடைத்தாளை எழுதியோருள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களும் இருந்தனர். அரியர் என்னும் சொல்லை அவர்கள் தம் வீட்டில் எவ்வாறு விளக்கியிருப்பார்கள்?

இதில் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அப்பேராசிரியர் குறிப்பு எழுதாதவர் அல்லர். ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி எழுதிய குறிப்பேடு ஒன்று அவரிடம் இருந்தது. அரபுச் சொற்களுக்கெல்லாம் பொருளும் ஒலிப்பும் ஓரத்தில் எழுதியிருந்தார். அது அவர் மேசையின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. திறவுகோல் அவர் சட்டைப்பையோடு மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் கண்கலங்கி நிற்கும் மகனிடம் சென்று திறவுகோல் கேட்கும் நெஞ்சுரம் எவர்க்கு வரும்?

நம் சமுதாயத்திற்கு இவ்வகை ஏற்பாடு புதியதன்று. நாள்தோறும் ஐந்து வேளையும் நாம் நிற்கும் தொழுகை வரிசையிலேயே அது உள்ளது. தொழுகை நடத்தும் இமாமுக்கு இடையில் உளூ முறிந்துவிட்டால், அவர் பின்னால் நிற்பவருள் தகுதியுடைய ஒருவரை முன்னே நிறுத்திவிட்டு விலகுகிறார். வந்தவர், நின்ற இடத்திலிருந்து தொடர்கிறார். அறிவும் முதிர்ச்சியும் உடையோர் தமக்கு அருகில் நிற்கவேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தமைக்கு, வேண்டுமிடத்து அவர்கள் இமாமின் இடத்தை ஏற்றல் கூடும் என்பதையும் ஒரு காரணமாக அறிஞர் உரைப்பர். ஹனஃபி சட்ட நூல்கள் இன்னும் நுணுகிச் செல்கின்றன. முன்னே நிறுத்தப்பெறுபவர் தாமதமாக வந்து சேர்ந்தவராயின் எத்தனை ரக்அத் எஞ்சியுள்ளது என்பதை அவர் அறியார். பேசினாலோ தொழுகை முறியும். ஆகவே விலகும் இமாம், ஒரு ரக்அத் எஞ்சியிருப்பின் ஒரு விரலையும் இரண்டாயின் இரு விரலையும் காட்டவேண்டும். ருகூஉ விடுபட்டிருப்பின் கையை முழங்காலிலும், ஸஜ்தாவாயின் நெற்றியிலும், ஓதுதலாயின் வாயிலும் வைத்துக் காட்டவேண்டும். ஆள் மாறினால் மட்டும் போதாது, எங்கே நின்றது என்பதும் கைமாறவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் வகுத்துரைத்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஹிஜ்ரி 23-இல், கி.பி. 644-இல், மதீனா பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகையில் நின்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு சாய்ந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பற்றி முன்னே நிறுத்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அருகில் நின்றோர் நிகழ்ந்ததைக் கண்டனர். ஓரங்களில் நின்றவர்க்கோ ஒன்றும் தெரியவில்லை. உமரின் குரல் நின்றுவிட்டது என்பது மட்டுமே அவர்களுக்கு விளங்கியது. முன்னே வந்தவர் தொழுகையைச் சுருக்கமாக நடத்தி முடித்தார். நீட்டவில்லை, கலைக்கவுமில்லை. வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணாக்கனை எண்ணும்போதெல்லாம் அந்த ஓரத்து வரிசையே நம் நினைவிற்கு வருகிறது. ஆசிரியர்க்கு நேர்ந்தது அவனுக்குத் தெரியாது. குரல் நின்றுவிட்டது என்பதே அவன் அறிந்தது.

தமிழ் மரபும் இதற்கு இடந்தராமல் இல்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர், பாடஞ்சொல்லும் முறைமையை வகுக்குமிடத்து, சொல்லவேண்டிய பொருளை ஆசிரியர் முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளவேண்டும் என்கிறார். ஓர் ஆசிரியரைச் சூழ்ந்து சில மாணாக்கர் இருந்த அக்காலத்தில் உள்ளத்தில் அமைத்தல் போதுமானதாயிருந்தது. அறுபது பேர் கொண்ட வகுப்பிலும், மணிக்கொரு ஆசிரியர் மாறும் அமைப்பிலும், உள்ளத்தில் அமைத்ததை ஒரு தாளிலும் அமைத்தாலன்றிப் பிறர்க்குப் பயன்படாது. பள்ளி ஆசிரியர் நாள்தோறும் பாடக்குறிப்பு எழுதுகின்றனர். கல்லூரி ஆசிரியராகிய நாமோ அதனைப் பள்ளிக்கூட வேலையெனக் கருதி மேலேறி வந்துவிட்டோம். அவ்வேற்றத்தில் நாம் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று.

இனி, செய்யத்தக்கது யாது? ஒவ்வோர் ஆசிரியரும் தாம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிற்கும் மெல்லிய கோப்பு ஒன்றினைப் பருவத் தொடக்கத்திலேயே ஆயத்தம் செய்து துறையில் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. அதில் இருவகைத் தாள்கள் இருத்தல் வேண்டும். ஒன்று, வாரந்தோறும் ஒரு வரி சேர்க்கப்பெறும் தாள். எப்பகுதி முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, என்ன பயிற்சி கொடுக்கப்பட்டுள்ளது என்பவை அதில் இருக்கும். இமாமின் விரல் இதுவே. காது மந்தமான மாணாக்கன் முன்வரிசையில் அமர்த்தப்பெறவேண்டும் என்பன போன்ற சிறு குறிப்புகளும் இதில் இடம்பெறலாம். புதிதாக வருபவர்க்கு இவற்றை வேறு எவரும் சொல்லமாட்டார்கள்.

மற்றொன்று, தனித்து நிற்கும் பாடங்கள் இரண்டோ மூன்றோ. இவை முன்னும் பின்னும் எதனையும் சார்ந்திராமல் ஒரு மணியில் தொடங்கி அம்மணியிலேயே முடியவேண்டும். அவசரத்தில் வருபவர் தமிழாசிரியராகத்தான் இருப்பார் என்னும் உறுதியில்லை. அரபுத்துறையினரும் வணிகவியல் துறையினரும் வரக்கூடும். ஆகவே, அப்பாடத்தை அறியாதவர் நடத்தினாலும் சிதையாதவாறு அதனை எழுதவேண்டும். நம்மிற் பலர் இடறுவது இவ்விடத்தில்தான். நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பு வேறு, முன்பின் அறியாத ஒருவர்க்கு எழுதும் குறிப்பு வேறு. ‘உவமைநயம் விளக்குக’ என்று எழுதி வைத்தால் வணிகவியல் ஆசிரியர் எதை விளக்குவார்?

மேற்கூறிய மான் படலத்தையே எடுத்துக்கொள்வோம். வேடனிடம் அகப்பட்ட மான், தன் கன்றிற்குப் பாலூட்டி வர விடுமாறு வேண்டுகிறது. அது மீளும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இக்கதையைப் பத்து வரியில் எழுதிக் கோப்பில் வைக்கலாம். தேர்ந்தெடுத்த நான்கு பாடல்களைச் சீர் பிரித்தும் அருஞ்சொற்பொருளோடும் வேண்டிய படிகள் எடுத்துச் சேர்க்கலாம். நன்றாக வாசிக்கும் மாணாக்கர் இருவர் பெயரைக் குறித்துவிட்டால், வருபவர் பாடலைத் தாமே படிக்கவேண்டிய இடர்ப்பாடும் நீங்கும். பின்னர் கலந்துரையாட இரண்டு வினாக்கள். பிணை என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும், ஜாமீனையும் குறிக்கும். புலவர்க்கு இவ்விரு பொருளும் எவ்வாறு உதவியிருக்கும்? முன்பின் அறியாத ஓர் உயிருக்காகத் தம்மையே பிணை வைத்தலை வேடன் எவ்வாறு நம்பினான்? ஜாமீன் என்றால் என்னவென்று வணிகவியல் ஆசிரியர் நம்மினும் நன்றாகவே விளக்கக்கூடும். இறுதிப் பதினைந்து நிமிடத்தில் மாணாக்கர் ஒரு பத்தி எழுதித் தரவேண்டும். அத்தாள்கள் கோப்பிலேயே தங்கவேண்டும். விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியர் அவற்றைப் படித்தால், தாம் இல்லாத மணியில் நடந்தது யாது என்பது தெரிந்துவிடும். மாணாக்கர் தமக்குள் பேசித் தெளிவதைக் காலங்கழித்தல் என எவரும் எண்ணவேண்டா. ஆசிரியர் சொல்வதை முழுமையாகக் கேட்டாலும் கற்பதில் காற்பங்கே கைகூடும், உடன்பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு சேரும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது நன்னூலாரின் கணக்கு.

கோப்பு பழையதாகிவிட்டால் இல்லாததினும் தீது. பாடத்திட்டம் மாறியும் கோப்பு மாறாதிருந்து, நீக்கப்பெற்ற செய்யுளை நடத்திச் சென்றவரும் உண்டு. எனவே பருவத்திற்கொருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். வைக்குமிடம், வருகைப் பதிவேடுகளை அடுத்துள்ள திறந்த அலமாரி. பூட்டு வேண்டா.

இதற்கு எழும் தடைகளுள் முதலாவது நம் தன்மதிப்பு. ‘என் பாடத்தைப் பிறர் எவ்வாறு நடத்த இயலும்?’ என்னும் எண்ணம் நல்லாசிரியர்க்கே மிகுதி. நம்மைப் போல் நடத்த இயலாது என்பது உண்மையே. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களைப் போல் ஓத முற்படவில்லை, முடித்து வைத்தார்கள். உமறுப்புலவர் நிறைவு செய்யாது விட்ட நபி வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடித் தொடர்ந்தபோது, உமறுவைப் போல் பாடமுடியுமா என்று தயங்கியிருந்தால் நமக்கு அந்நூலும் கிடைத்திராது.

மற்றொரு தடை பொருட்படுத்தத்தக்கது. கோப்பு இருக்கிறதே, யாரையேனும் அனுப்பி ஒப்பேற்றலாம் என்னும் எண்ணம் நிருவாகத்திற்கு வந்துவிடுமோ என இளைய ஆசிரியர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள மகளிர்க்குப் பேறுகால விடுப்பு 2021-ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்பெற்றது. அத்தகைய நெடிய விடுப்பு முன்னரே தெரிந்த ஒன்று, அது அவசரம் ஆகாது. அவ்விடத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்துவதே முறை. ஓய்வுபெற்றவர் இடம் ஆண்டுக்கணக்கில் வெற்றிடமாய்க் கிடப்பதற்கும் கோப்பு மருந்தன்று. இக்கோப்பு ஒரு வாரத்திற்கு உரியது, மிஞ்சினால் இரு வாரத்திற்கு. அதற்கு மேலும் கோப்பைக் காட்டும் நிருவாகத்திடம் ஆளைக் கேட்பது துறையின் கடமை. இதனைப் படிக்கும் ஆட்சிக்குழுப் பெரியோர்கள் இவ்வரியைச் சற்று ஊன்றிப் படிப்பார்களாக.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பெற்று, மீண்டும் திறந்தபோது எல்லா நாற்காலிகளும் நிரம்பவில்லை. 2021-ஆம் ஆண்டின் கோடையில் நம்மிடையே இருந்து மறைந்த ஆசிரியர் பலர். அவர்தம் மேசைகளைத் திறந்தபோது கிடைத்த தாள்கள் சிலவற்றை நாம் கண்டோம். அவை அவர்களுக்கு மட்டுமே புரியும் சுருக்கக் குறிகளாயிருந்தன.

வரும் பருவத்திலிருந்து நம் துறையின் விடுப்புப் படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்க்குமாறு துறைத்தலைவரை வேண்டுகிறோம். ‘பாடம் நின்ற இடமும் நடத்தவேண்டியதும்’ என்று அதற்குத் தலைப்பிடலாம். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் சும்மா இருக்கவில்லை. நம் பங்கிற்கு மூன்று பாடங்கள் எழுதத் தொடங்கினோம். மான் படலம் முடிந்தது. செய்குத்தம்பிப் பாவலரின் சதாவதானம் பற்றிய உரைநடைப் பாடமும் முடிந்தது. மூன்றாவதாக யாப்பிலக்கணத்தை எடுத்துக்கொண்டு இருமுறை எழுதிக் கிழித்துவிட்டோம். யாப்பு அறியாதவர் நடத்தத்தக்க யாப்புப் பாடத்தை எழுதுவது நாம் எண்ணியதினும் கடினமாக இருக்கிறது. நேரசை நிரையசை பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா, தளைவரை செல்லவேண்டுமா என்பதில் இன்னும் முடிவிற்கு வரவில்லை. வகுப்பில் இதனை முயன்று பார்த்த துறையினர் எவரேனும் இருப்பின் நமக்குத் தெரிவித்து உதவுக.