தூளுக்குள் இன்னொரு நஞ்சு



கொள்ளுப்பிட்டியில் நான் சந்திக்கும் தாய்மார் பலர், "மிஸ், மகனைத் தூளிலிருந்து மீட்பது எப்படி?" என்று கேட்பார்கள். அந்தத் தூளில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

போதைப்பொருளை விற்பவர்கள் இலாபத்துக்காக அதில் பல பொருட்களைக் கலக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, கால்நடைகளுக்குக் கொடுக்கப்படும் லெவமிசோல் என்ற பூச்சிமருந்து. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கொக்கெயின் பாவித்த பலரின் இரத்தத்தில் வெண்குழியங்கள் மிகவும் குறைந்துபோயின. காரணத்தைத் தேடியபோது லெவமிசோல் அகப்பட்டது. கிருமிகளோடு போராடும் வெண்குழியங்களை நமது உடலே அழிக்கும்படி அது செய்துவிடுகிறது. ஹெரோயினில் கலக்கப்பட்டுவந்த குயினைன், சிலருக்கு இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுக்களை அழிக்கும். டெங்குக் காய்ச்சலின்போது நாம் கவலையோடு எண்ணிக்கை பார்க்கும் அதே 'பிளேட்லெட்'தான் இது.

நம் நாட்டில் ஹெரோயினைப் புகையாக இழுப்பவர்களே அதிகம். ஊசியில் ஏற்றினால் கலப்படம் நேரே இரத்தத்தில் சேர்கிறது. கூடவே கிருமிகளும் சேர்கின்றன. ஆனால் புகைத்தாலும் உறிஞ்சினாலும் லெவமிசோலின் தீங்கு வரலாம்.

ஆகவே போதைப்பொருள் பாவிப்பவருக்குத் திடீர்க் காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் வந்தால், பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். காதுமடலிலோ கன்னத்திலோ கருநீலத் திட்டுகள், தோலில் சிறு செம்புள்ளிகள், முரசில் இரத்தக்கசிவு கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே குழியங்களின் குறைவைக் காட்டிவிடும்.

அங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. "அக்கம்பக்கம் அறிந்தால் தங்கச்சிக்குக் கலியாணம் நடக்குமா?" என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பாவிப்பதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் காரணத்தை வேறெங்கோ தேடுவார். வெண்குழியம் இல்லாத உடலில் சிறு கிருமியும் சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடும். உண்மையைச் சொல்வது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதல்ல.

நல்ல செய்தியும் உண்டு. உரிய சிகிச்சையோடு பாவனையை நிறுத்தினால், வெண்குழியங்கள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மீண்டும் பெருகும். திரும்பப் பாவித்தால் நோயும் திரும்பலாம். ஆகவே காய்ச்சல் சுகமானதும் விட்டுவிடாமல், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறுங்கள்.

மானம் பெரிதுதான், சகோதரிகளே. பிள்ளையின் உயிர் அதைவிடப் பெரிது.